ஜான் மத்தாய் ஏன் பதவி விலகினார்? சென்னைப் பேராசிரியர் ஒருவர் நிதியமைச்சரான வரலாறு

மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது. தம் கல்லூரியில் ஒருகாலத்தில் பேராசிரியராக இருந்த ஜான் மத்தாய் பிற்பாடு நாட்டின் நிதியமைச்சரானார் என்றும், 1950ஆம் ஆண்டு பட்ஜெட் அச்சாகும்போதே கசிந்துவிட்டதால் பதவியை இழந்தார் என்றும் போட்டித் தேர்வுக் குறிப்புகளில் அவர் படித்திருக்கிறார். அது உண்மையா, பொருளாதாரம் கற்பித்தவர் அமைச்சர் நாற்காலியில் அமர்ந்து என்னதான் செய்தார் என்று கேட்கிறார்.

முதல் பாதிக்கு உடனே விடை சொல்லிவிடலாம். கசிவு நடந்தது உண்மை. அன்றைக்குக் குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்தில் இருந்த அச்சகத்திலிருந்து பட்ஜெட்டின் ஒரு பகுதி வெளியே போயிற்று. அதன் பிறகுதான் அச்சுப் பணி மின்டோ சாலை அச்சகத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் மத்தாய் பதவி விலகியது அதற்காக அன்று. அவரே 1950 ஜூன் தொடக்கத்தில் காரணங்களை அறிக்கையாக வெளியிட்டார். அதில் முதன்மையாக நின்றது, நாட்டின் பொருளாதாரத் திட்டங்களை வகுக்க அப்போது புதிதாக அமைக்கப்பட்ட திட்டக் குழு. கசிவுக் கதை சுவையாக இருப்பதால் குறிப்பேடுகளில் அது நிலைத்துவிட்டது. அவர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பது விளங்க வேண்டுமானால், அமைச்சராவதற்கு முன் முப்பது ஆண்டுகள் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதைப் பார்த்தாக வேண்டும். அதில் கணிசமான பகுதி நம் ஊரில் நடந்தது.

மத்தாய் 1886 ஜனவரி 10 அன்று கோழிக்கோட்டில் சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். உயர்படிப்புக்குச் சென்னைக்கு வருவது அந்தப் பகுதி மாணவர்களுக்கு வழக்கம். அவர் படித்த கிறித்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போயிருக்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, பாரிமுனைப் பக்கத்தில் இருந்தது. சட்டக் கல்லூரியும் அருகிலேயே. ஆக, படித்த கல்லூரி, சட்டம் கற்ற கல்லூரி, 1910 முதல் 1914 வரை வக்கீலாகத் தொழில் செய்த நீதிமன்றம் மூன்றும் ஒரே தெருக்கூட்டத்துக்குள் அடங்கியிருந்தன. பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டாக்டர் பட்டமும் ஆக்ஸ்போர்டில் பி.லிட். பட்டமும் பெற்றார்.

லண்டனில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் இந்தியக் கிராம ஆட்சி. 1915இல் அது, லண்டன் பொருளாதாரப் பள்ளியை நிறுவியவர்களில் ஒருவரான சிட்னி வெப்பின் முன்னுரையோடு நூலாக வந்தது. பள்ளி, ஏழைகளுக்கு உதவி, துப்புரவு, பொதுப்பணி, காவல், வழக்குத் தீர்ப்பு என்று கிராமத்தின் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, அதை யார் செய்தார், அவருக்கு யார் படியளந்தார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்று அந்த நூல் ஆராய்கிறது. கிராமக் குடியரசு என்ற பெருமிதப் பேச்சு மலிந்திருந்த காலத்தில், 29 வயதில் இப்படிக் கணக்கப்பிள்ளையின் கண்ணோடு ஒருவர் எழுதியது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. யார் செலவழிக்கிறார், யார் பொறுப்பேற்கிறார் என்ற அந்த இரட்டைக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை என்பது என் கருத்து.

திரும்பி வந்ததும் 1918 முதல் 1920 வரை சென்னை அரசின் கூட்டுறவுத் துறையில் சிறப்பு அதிகாரியாக இருந்தார். 1920இல் மாநிலக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். 1922இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் பொறுப்பும் வந்து சேர்ந்தது. அந்த இருக்கையில் அவருக்கு முன் இருந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். மாணவர்களைத் தத்தம் கிராமத்துக்கு அனுப்பி, இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் நிலம், கடன், கூலி ஆகியவற்றைக் கணக்கெடுக்க வைத்தவர். ஏட்டுப் பொருளாதாரத்தைவிட ஊர்க்கணக்கை மதித்த ஒரு மரபு இங்கே ஏற்கெனவே உருவாகியிருந்தது. மத்தாய் அதற்குப் பொருத்தமான வாரிசாக அமைந்தார். வேளாண் கூட்டுறவு பற்றி அவர் எழுதிய நூலும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததே.

அதே 1922 முதல் 1925 வரை சென்னைச் சட்டமன்றத்திலும் அவர் உறுப்பினர். அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை அமைச்சர்களிடம் இருந்தன. நிதி ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தது. திட்டம் ஒருவரிடம், பணப்பை இன்னொருவரிடம். தாம் செய்யாத முடிவுக்கு அமைச்சர் சட்டமன்றத்தில் பதில் சொல்லித் தவிப்பதை அவர் அருகிலிருந்து பார்த்திருப்பார். 1950இல் அவர் காட்டிய கடுமையின் வேர் இங்கேயும் இருக்கலாம் என்பது என் ஊகம், ஊகமாகவே கொள்ளுங்கள்.

1925இல் அவர் சென்னையை விட்டு இந்தியச் சுங்கவரி வாரியத்துக்குச் சென்றார். முதலில் உறுப்பினர், பின்னர் தலைவர். 1934 வரை அங்கே இருந்தார். இந்த ஒன்பது ஆண்டுகளைச் சுருக்கமாகக் கடந்துபோகும் வாழ்க்கைக் குறிப்புகள் அவரைச் சரியாகக் காட்டுவதில்லை. ஒரு தொழிலுக்கு இறக்குமதி வரியால் பாதுகாப்பு தருவதா என்பதை அந்த வாரியம் மூன்று நிபந்தனைகளை வைத்துத் தீர்மானித்தது. மூலப்பொருள், சந்தை போன்ற இயற்கையான வசதி அந்தத் தொழிலுக்கு இருக்க வேண்டும். பாதுகாப்பு இல்லாவிட்டால் அது வளராது என்ற நிலை இருக்க வேண்டும். ஒருநாள் பாதுகாப்பே இல்லாமல் உலகப் போட்டியில் நிற்கும் வாய்ப்பும் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் முக்கியமானது. அரசின் உதவிக்கு முடிவுத் தேதி உண்டு என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு தீப்பெட்டி. இறக்குமதித் தீப்பெட்டி மீது அரசு தன் வருவாய்க்காக விதித்த உயர்ந்த வரியின் நிழலில் உள்நாட்டில் பல தொழிற்சாலைகள் முளைத்தன. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கியதும் அந்தச் சூழலில்தான். வருவாய்க்காக விதித்த அந்த வரியைப் பாதுகாப்பு வரியாக மாற்றலாமா, இந்தியாவுக்குள்ளேயே ஆலை அமைத்துவிட்ட ஸ்வீடன் நிறுவனத்தை என்ன செய்வது என்று மத்தாய் உறுப்பினராக இருந்த வாரியம் விசாரித்தது. 1928இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1932இல் சர்க்கரைத் தொழிலுக்கும் அதே வழியில் பாதுகாப்பு கிடைத்தது. சில ஆண்டுகளில் ஆலைகளின் எண்ணிக்கை பல மடங்கானது. ஆலை முதலாளிகள் கொண்டுவரும் அடக்கவிலைக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, எங்கே ஊதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே அந்த வாரியத்தின் அன்றாட வேலை. அதை ஒன்பது ஆண்டுகள் செய்த மனிதர் பிறகு எந்தச் செலவுக் கோரிக்கையையும் முகமதிப்பில் ஏற்க மாட்டார்.

1935 முதல் 1940 வரை வணிகத் தகவல், புள்ளிவிவரத் துறையின் தலைமை இயக்குநர். 1940இல் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்தபோது உருவானதே, விடுதலைக்குப் பிந்தைய பொருளாதார வளர்ச்சிக்குத் தொழிலதிபர்கள் வரைந்த 1944இன் பம்பாய்த் திட்டம். ஜே.ஆர்.டி. டாடா, ஜி.டி. பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ், கஸ்தூர்பாய் லால்பாய், ஸ்ரீராம், அர்தேஷிர் தலால், ஏ.டி. ஷ்ராஃப், மத்தாய் ஆகிய எட்டுப் பேரின் பெயர் அதில் இருந்தாலும், வரைவை எழுதியதில் பெரும்பங்கு மத்தாயுடையது என்பதே பொதுவான கருத்து. 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, தனிநபர் வருமானத்தை இரட்டிப்பாக்குதல், தொழில் உற்பத்தியை 500 விழுக்காடும் வேளாண் உற்பத்தியை 130 விழுக்காடும் உயர்த்துதல் என்று அது இலக்கு வைத்தது. தொழிலதிபர்களே அரசின் கட்டுப்பாட்டையும் பொதுத்துறையையும் ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

அதில் நான் சுட்ட விரும்பும் எண் வேறு. அந்த 10,000 கோடியில் 3,400 கோடி ரூபாயைப் புதிதாகப் பணம் உருவாக்கித் திரட்டலாம் என்று திட்டம் சொன்னது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நோட்டு அச்சடித்து! விலைவாசி ஏறும், அதை அரசின் கட்டுப்பாடுகள் பிடித்து நிறுத்தும் என்பது அவர்கள் நம்பிக்கை. போர்க்காலத்தில் பம்பாயில் உட்கார்ந்து எழுதியபோது அது சாத்தியமாகத் தோன்றியிருக்க வேண்டும். நான்கே ஆண்டுகளில் அந்தப் பணவீக்கத்தை நிதியமைச்சராக நேரில் சந்திக்கும் நிலை அதே மத்தாய்க்கு வந்தது.

1946 செப்டம்பர் 2 அன்று பதவியேற்ற இடைக்கால அரசில் நிதித் துறை முதலில் அவரிடமே தரப்பட்டது. அக்டோபர் இறுதியில் முஸ்லிம் லீக் அரசில் சேர்ந்தது. உள்துறையை விட்டுக்கொடுக்க வல்லபாய் படேல் இசையவில்லை. அதனால் நிதித் துறை லியாகத் அலி கானுக்குப் போயிற்று, மத்தாய் தொழில், வழங்கல் துறைக்கு மாறினார். விடுதலைக்குப் பிறகு முதல் அமைச்சரவையில் ரயில்வேயும் போக்குவரத்தும் அவர் வசம் இருந்தன. நிதி கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரிடம். நாடு பிரிந்ததில் வடமேற்கு ரயில்வேயும் வங்காள-அஸ்ஸாம் ரயில்வேயும் துண்டாயின. அகதிகளை ஏற்றிக்கொண்டு வந்த ரயில்களை ஓட்டியாக வேண்டியிருந்தது. அஸ்ஸாமுக்கு இந்திய மண் வழியாக இருப்புப்பாதையே இல்லாமல் போனதால் புதிய இணைப்புப் பாதை தொடங்கப்பட்டது. விடுதலை இந்தியாவின் முதல் ரயில்வே பட்ஜெட்டை 1947 நவம்பரில் தாக்கல் செய்தவர் மத்தாய்.

1948 ஆகஸ்டில் சண்முகம் செட்டியார் விலகினார். வருமான வரி வழக்குப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரம் அது. செப்டம்பரில் மத்தாய் நிதியமைச்சரானார். முந்தைய ஆண்டு இறுதியில் உணவு, துணி ஆகியவற்றின் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதில் விலைகள் துள்ளியிருந்தன. மறுபடியும் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டிய நேரத்தில் அவர் உள்ளே வந்தார். அவர் காலத்தில், 1949 ஜனவரி 1 அன்று, ரிசர்வ் வங்கி அரசுடைமையானது. வங்கிகளை ரிசர்வ் வங்கியின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்த வங்கி நிறுவனங்கள் சட்டமும் அதே ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் கொல்லம் வங்கி கவிழ்ந்து சென்னையிலும் கேரளத்திலும் வைப்பாளர்கள் தெருவுக்கு வந்ததை மறக்காத தலைமுறைக்கு, அந்தச் சட்டம் பத்தாண்டு தாமதமாக வந்த நியாயம்.

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. ரூபாயும் உடன் இறங்கியது: டாலருக்கு 3 ரூபாய் 31 காசு அளவில் இருந்தது 4 ரூபாய் 76 காசு அளவுக்கு வந்தது, அதாவது டாலர் கணக்கில் 30.5 விழுக்காடு இறக்கம். பாகிஸ்தான் தன் நாணயத்தைக் குறைக்க மறுத்தது. இந்தியாவின் 144 ரூபாய் பாகிஸ்தானின் 100 ரூபாய்க்குச் சமம் என்றானதும், இந்தியா அந்த விகிதத்தை ஏற்கவில்லை. இரு நாட்டு வணிகம் நின்றுபோனது. கல்கத்தா ஆலைகளுக்குக் கிழக்கு வங்காளச் சணலும், நம் பஞ்சாலைகளுக்குச் சிந்து, மேற்குப் பஞ்சாபின் பருத்தியும் வரவில்லை. ஏற்றுமதி கூடும் என்று மதிப்பைக் குறைத்த கையோடு, ஏற்றுமதிச் சரக்குக்கான மூலப்பொருள் அறுபட்டது.

இந்த நெருக்கடியில் மத்தாய் எடுத்த வழி சிக்கனம்; தனியார் முதலீட்டுக்குத் தெம்பூட்டுவது இன்னொன்று. 1947இல் வந்த மூலதன ஆதாய வரியை 1949இல் நீக்கினார். தொழில் இலாப வரி 1950இல் போனது. டாடாவிலிருந்து வந்தவர் முதலாளிகளுக்குச் சலுகை தருகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது இயல்பே. அதை முழுவதும் தள்ளிவிட முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். வரியைக் குறைத்தால் முதலீடு வரும் என்று அவர் எதிர்பார்த்த வேகத்தில் முதலீடு வரவில்லை, விலைவாசியும் அடங்கவில்லை.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1950 பிப்ரவரி 28 அன்று அவர் படித்த பட்ஜெட் உரையிலேயே திட்டக் குழு அமைக்கப்படும் செய்தி இருந்தது. மார்ச் 15 அன்று அமைச்சரவைத் தீர்மானத்தால் குழு பிறந்தது. தலைவர் பிரதமர் நேருவே. சட்டம் இயற்றி உருவாக்கிய அமைப்பு அன்று அது. நாடாளுமன்றத்துக்கு நேரே பதில் சொல்லும் கடமையும் அதற்கு இல்லை. மத்தாயின் வாதம் என்னவென்றால், கையில் காசில்லாமல் ஏற்கெனவே தொடங்கிய வேலைகளையே முடிக்கத் திணறும் வேளையில் இது காலப் பொருத்தமற்றது. அதைவிட மேலாக, இது இன்னோர் அமைச்சரவையாக வளர்ந்து, செலவைக் கட்டுப்படுத்தும் நிதியமைச்சகத்தின் அதிகாரத்தையும் அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பையும் அரித்துவிடும். பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகையை மீறித் துறைகள் செலவிடுவதைத் தம்மால் தடுக்க முடியவில்லை என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது. இரு நாட்டுச் சிறுபான்மையினரின் பாதுகாப்புக்காகப் பாகிஸ்தானுடன் ஏப்ரலில் கையெழுத்தான நேரு-லியாகத் ஒப்பந்தத்திலும் அவருக்கு உடன்பாடில்லை. அதற்காக அமைச்சர்கள் சியாமா பிரசாத் முகர்ஜியும் கே.சி. நியோகியும் முன்பே விலகியிருந்தார்கள்.

இங்கே இன்னொரு பிழையையும் திருத்திவிடுகிறேன். திட்டக் குழுவும் புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸும் செல்வாக்குப் பெற்றதை எதிர்த்து மத்தாய் விலகினார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மஹலனோபிஸ் 1950இல் அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகர். திட்டக் குழுவில் உறுப்பினராக அவர் சேர்ந்தது 1955இல், அவர் பெயரால் அறியப்படும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது 1956இல். பின்னால் நடந்த சண்டையை முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

பம்பாய்த் திட்டத்தை எழுதியவரே திட்டக் குழுவை எதிர்த்தது முரண் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திட்டமிடுதலை அவர் கைவிடவில்லை. குழு தேவை, ஆனால் அது ஆலோசனை சொல்வதோடு நிற்க வேண்டும் என்பது அவர் நிலை. சுங்கவரி வாரியமும் அப்படித்தான் இயங்கியது: விசாரித்து அறிக்கை தரும், வரி விதிப்பது அரசும் சட்டமன்றமும். அதிகாரம் இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்க வேண்டும் என்ற அந்த ஒழுங்கைத்தான் அவர் 1950இலும் கேட்டார். மூன்றில் ஒரு பங்குப் பணத்தை அச்சடிக்கலாம் என்று எழுதியவர் சிக்கனம் பேசியது மட்டும் உண்மையான மாற்றம்; கடை விலையும் காலிக் கஜானாவும் அவரை மாற்றியிருக்க வேண்டும். மேலும், அவர் காங்கிரஸ்காரர் அல்லர். தொகுதி, கட்சிக்குழு, ஆதரவாளர் என்று எதுவும் இல்லாதவருக்கு அமைச்சரவையில் ஒரே ஓர் ஆயுதம்தான், விலகல் கடிதம். அதைப் பயன்படுத்தினார். பலன் கிடைத்ததா என்றால், இல்லை. அடுத்து வந்த சி.டி. தேஷ்முக் திட்டக் குழுவின் உறுப்பினராகவும் இருந்தவர். நிதியமைச்சரே குழுவில் உட்கார்ந்துகொள்வது என்ற ஏற்பாட்டால் உரசல் அப்போதைக்கு அடங்கியது. சண்முகம் செட்டியார், மத்தாய், தேஷ்முக், டி.டி. கிருஷ்ணமாச்சாரி என்று முதல் நான்கு நிதியமைச்சர்களும், காரணம் வெவ்வேறாக இருந்தாலும், பதவி விலகியே வெளியேறினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமைச்சர் பதவியை விட்ட பிறகு அவர் செய்ததுதான் நீடித்து நின்றது என்று நான் கருதுகிறேன். 1953இல் அமைக்கப்பட்ட வரிவிதிப்பு விசாரணைக் குழுவுக்கு அவர் தலைவர். மத்திய, மாநில, உள்ளாட்சி வரிகள் அனைத்தையும் ஒருசேர ஆராய்ந்து மூன்று தொகுதிகளாக அந்தக் குழு அறிக்கை தந்தது. விற்பனை வரிப் பகுதியை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பொது விற்பனை வரியை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட ராஜாஜி 1939இல் போட்ட வரி அது. பிற மாகாணங்கள் பின்பற்றின. ஒரு மாநிலத்தில் விற்று இன்னொரு மாநிலத்துக்குப் போகும் சரக்குக்கு யார் வரி போடுவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1953இல் ஒரு தீர்ப்பும் 1955இல் அதற்கு நேர்மாறான தீர்ப்பும் வந்தன. மாநிலங்களுக்கு இடையிலான விற்பனையை மத்திய அரசின் அதிகாரத்துக்குள் கொண்டுவரலாம் என்ற மத்தாய் குழுவின் யோசனையே 1956இல் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தமாகவும் மத்திய விற்பனை வரிச் சட்டமாகவும் ஆனது. ஜி.எஸ்.டி. வரும்வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

1955 ஜூலை 1 அன்று இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாக மாறியபோது முதல் தலைவரும் அவரே. ஐந்தாண்டில் 400 புதிய கிளைகளைத் திறக்க வேண்டும் என்பது அந்த வங்கிக்கு விதிக்கப்பட்ட கடமை. கிராமக் கடன் பற்றிய அக்கறை அதன் பின்னணி. 1918இல் சென்னைக் கூட்டுறவுத் துறையில் அவர் தொட்ட விஷயம் அது. ஸ்டேட் வங்கியில் அவர் இருந்தது குறுகிய காலம்தான். பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் 1957 முதல் 1959 வரை கேரளப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர். 1959இல் பத்ம விபூஷண் பெற்றார். அந்த ஆண்டே காலமானார். லயோலாவிலும் கிண்டியிலும் படித்த அமுல் குரியன் அவருடைய உறவினர் என்பது உங்கள் நண்பர்களிடம் சொல்ல ஒரு கொசுறுத் தகவல்.

பொருளாதாரப் படிப்பு அமைச்சர் வேலைக்கு உதவுமா என்ற கேள்விக்கு இவர் ஒருவரை வைத்து விடை சொல்ல எனக்குத் துணிவில்லை. மூலத்தைப் படிக்க விரும்பினால், நிதியமைச்சகத்தின் இணையதளத்தில் விடுதலைக்குப் பிந்தைய பட்ஜெட் உரைகள் எல்லாம் இருக்கின்றன. 1949, 1950 ஆகிய இரண்டு உரைகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். வரிப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். செலவுக் கட்டுப்பாடு பற்றியும் திட்டக் குழு பற்றியும் அவர் பேசும் பத்திகளில் நிதானமாக நில்லுங்கள்; மூன்று மாதத்தில் விலகப்போகிறவர் அரசின் முடிவை அவையில் எடுத்துச் சொல்லும் பத்திகள் அவை.